இரண்டாவது சுற்று

அப்பா வீடியோ கேம் விளையாடும்போது டிவி திரைக்கும் அவர் முகத்துக்கும் இடையே ஒரு முழம்தான் இருக்கும். சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கைலியை முழங்கால்களுக்கு நடுவே ஒடுக்கிக்கொண்டு, ஒயர் தொங்கும் அந்தச் சின்னப் பிடியை லோரி ஸ்டேரிங்கைப் பிடிப்பதுபோல இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருப்பார். பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்கும் தங்கைக்கும் பாதிப் படம்தான் தெரியும். "அப்பா, தல மறைக்குது லா" என்று தங்கை கத்துவாள். "ஒனக்கெதுக்கு படம்? அப்பா ஜெயிக்கிறேனா இல்லியான்னு மட்டும் பாரு" என்பார். அவர் இறந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது, டிவி வெளிச்சம் பச்சையும் நீலமுமாக விளிம்பு கட்டியிருந்த அந்தப் பின்தலைதான். ஏன் அவ்வளவு கிட்டே உட்கார்ந்தார் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. ஆசை என்று நினைத்தோம்.

அப்பா கிள்ளான் துறைமுகத்தில் தவுக்கே என்று நாங்கள் சொல்லும் ஒரு சீன முதலாளியிடம் லோரி ஓட்டினார். கப்பலில் வந்திறங்கும் சரக்கை ரவாங்கில் உள்ள தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது வேலை. ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எந்த மொழியிலும் ஓர் எழுத்துகூடத் தெரியாது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் புத்தகப் பை தூக்கியவன் நான். வீட்டுக்கு வரும் தண்ணீர் பில், கிளினிக் சீட்டு, மருந்து பாட்டில், கடைப் பலகை எதுவானாலும் என் பக்கம் நீட்டி, "என்னா போட்டுருக்கு பாரு" என்பார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு படிப்பேன். அவர் தலையை ஆட்டுவார். ஒரு தடவை கேட்டால் போதும், அது அவர் மண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். நாங்கள் இருந்த பண்டமாரானிலிருந்து ரவாங் வரைக்கும் எந்த வளைவில் மணல் சறுக்கும், எந்த சிக்னலில் மோட்டார்காரன் குறுக்கே பாய்வான், எந்த மரத்தடியில் போலீஸ் நிற்பார்கள் என்று வீட்டில் உட்கார்ந்தபடியே ஒப்பிப்பார். படிக்காத மனிதருக்கு இத்தனை ஞாபகமா என்று பண்டமாரானில் எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். எங்களுக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

விளையாட்டுப் பெட்டி வந்தது எனக்காக. ஆறாம் வகுப்புச் சோதனையில் நன்றாகச் செய்திருக்கிறான் என்று ஆசிரியர் சொன்னதைக் கேட்ட அந்த வாரமே, கிள்ளான் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலிருந்து அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்தார். கூடவே ஒரு தடித்த மஞ்சள் கேசட். அதைப் பெட்டியின் தலையில் செருகினால் டிவியில் ஒரு காடு வரும். வாள் பிடித்த ஒரு குட்டி ஆள் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஓடுவான். பள்ளத்தைத் தாண்ட வேண்டும், குரங்கை வெட்ட வேண்டும், உருண்டு வரும் கல்லுக்கு மேலே குதிக்க வேண்டும். காடு முடிந்தால் குகை, குகை முடிந்தால் பாழடைந்த கோட்டை, பிறகு கப்பல், கடைசியில் எரிமலை. ஒவ்வொன்றின் முடிவிலும் பெரிய உருவமாக ஒருத்தன் நிற்பான். பள்ளியில் மலாய்ப் பையன்கள் அவனை 'ராஜா' என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகினோம். மூன்று உயிர் கொடுப்பார்கள். மூன்றும் போனால் மறுபடியும் காட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். நாளைக்குத் தொடரலாம் என்று பாதியில் நிறுத்தி வைக்கிற வசதியெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது.

நான் குகையைத் தாண்டவே மாதக்கணக்கானது. அப்பா முதலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு "குடு, ஒரு கை பாக்கறேன்" என்று வாங்கினார். அதற்குப் பிறகு பிடி என் கைக்குத் திரும்பி வரவே இல்லை. வேலை விட்டு வந்து குளித்ததும் காட்டில் இறங்கிவிடுவார். அந்த விளையாட்டில் ஒரு குணம் உண்டு: எத்தனை தடவை தொடங்கினாலும் எதுவும் இடம் மாறாது. மூன்றாவது மரத்தில்தான் குரங்கு, பாட்டு மேலே ஏறி இறங்குகிற இடத்தில்தான் பள்ளம். அப்பா அதைப் பிடித்துக்கொண்டார். "இது ரோடு மாதிரிதாண்டா. எங்க குழி இருக்குன்னு தெரிஞ்சா போதும், கண்ண மூடிக்கிட்டே போவலாம்" என்பார். சில சமயம் உண்மையிலேயே என்னையும் தங்கையையும் திரும்பிப் பார்த்துச் சிரித்தபடியே பள்ளத்தைத் தாண்டிக் காட்டுவார். நாங்கள் கை தட்டுவோம். காலனியிலிருந்து பையன்கள் வந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பார்கள். சாமான் இறக்கி வைத்துவிட்டு வந்த ஓர் உழைப்பாளி, வீட்டுத் தரையில் உட்கார்ந்து பண்டமாரானுக்கே ஹீரோவாக இருந்த காலம் அது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு கிரேன் அங்கிள் வந்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியதால் எங்களுக்கு அவர் கிரேன் அங்கிள். அப்பா அன்றைக்கு ஒரே மூச்சில் கோட்டையைக் கடந்து கப்பலில் ஏறிவிட்டார்.

"அண்ணே, வாரம் பூரா கப்பலோடதான் மாரடிக்கிறோம். லீவு நாள்லயும் கப்பலா?" என்றார் கிரேன் அங்கிள்.

"இந்தக் கப்பல்ல சூப்பர்வைசர் இல்லடா, அதான்."

"லோரிக்கும் இந்த மாதிரி மூணு உசுரு குடுத்தா எப்படி இருக்கும்ணே?"

"ஒண்ணே போதும்டா. அத வச்சித்தான இத்தன வருசம் ஓட்டுறேன்."

எரிமலைக்குள் அப்பாவுக்கு ஓர் உயிர்தான் மிச்சம். கடைசி ராஜா நெருப்பைத் துப்பிக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தான். தங்கை என் தோளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. ராஜா சட்டென்று வெளிறி, துண்டு துண்டாகச் சிதறி மறைந்தான். வீட்டில் எழுந்த சத்தத்தில் வெளியே கட்டியிருந்த நாய் குரைத்தது. திரை கறுத்து, ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அப்பா பிடியைக் கீழே வைக்காமலே என்னைப் பார்த்தார்.

"என்னா போட்டுருக்கு பாரு."

நான் எழுந்து நின்று படித்தேன். "நாட்ட காப்பாத்திட்டீங்களாம்ப்பா. ஆனா இன்னும் முடியலயாம். திரும்ப மொதல்லேர்ந்து போகணுமாம், இந்த வாட்டி இன்னும் கஷ்டமா இருக்குமாம்."

"அடப்பாவி, ஓவர்டைம் போட்டுட்டானா!" என்று கிரேன் அங்கிள் தொடையில் அடித்துச் சிரித்தார்.

"போட்டா என்னா, போய்ட்டுத்தான் வருவோம்" என்றார் அப்பா.

மறுபடியும் அதே காடு வந்தது, மூன்று உயிரும் திரும்பக் கிடைத்தன. அதே பாட்டு. சிரிப்புச் சத்தம் கேட்டு அம்மாவும் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து கதவருகே நின்றாள். குட்டி ஆள் வழக்கம்போல ஓடினான், முதல் மரத்தைத் தாண்டினான். இரண்டாவது மரத்துக்குப் பிறகு தரை இருக்க வேண்டிய இடத்தில், இந்தத் தடவை ஒரு பள்ளம் இருந்தது. அகலமான, கன்னங்கரேல் என்ற பள்ளம். சன்னலுக்கு வெளியே நின்ற பையன்களுக்குக்கூட அது தெரிந்தது. அப்பா ஓடிக்கொண்டே போய் அதில் விழுந்தார்.

எல்லாரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார். மறுபடியும் ஓடி மறுபடியும் அதே பள்ளத்தில் விழுந்தார். "என்னாண்ணே, ஜெயிச்ச மயக்கமா? குதிங்கண்ணே!" என்றார் கிரேன் அங்கிள். மூன்றாவது தடவை அப்பா மெதுவாகப் போனார். மரம் வந்ததும் நின்றார். ஒரு அடி வைத்தார், நின்றார், இன்னொரு அடி வைத்தார். முகம் திரையைத் தொட்டுவிடும் போல முன்னால் போயிருந்தது. கடைசியில் அவர் குதித்தார், பள்ளத்துக்கு ரொம்ப முன்னாலேயே. கீழே வந்து நின்று இன்னும் இரண்டு அடி எடுத்து வைத்ததும் விழுந்தார். சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் ஏனோ நிறுத்திவிட்டார்கள்.

அம்மா டிவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். உயிரெல்லாம் தீர்ந்து ஆட்டம் முடிந்திருந்தது. "எடம் மாறிப்போன அந்தக் காட்ட திரும்பக் கொண்டு வர முடியுமா?" என்று என்னைக் கேட்டாள். அந்த விளையாட்டில் ஆட்டம் முடிந்த பிறகு ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் செத்த இடத்திலேயே தொடங்கலாம் என்று ஒரு தந்திரம் பள்ளியில் கேட்டிருந்தேன். அப்பாவுக்கு அது ஏமாற்று வேலை என்று பிடிக்காது. நான் செய்தேன். குட்டி ஆளை அந்தப் பள்ளத்தின் விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். அம்மா கரண்டியின் காம்பால் திரையில் தொட்டுக் காட்டினாள்.

"இங்க என்னா இருக்கு, சொல்லுங்க."

அப்பா கொஞ்ச நேரம் பார்த்தார். "தர" என்றார்.

"தரையா?"

"தரதான். வேற என்னா?"

கிரேன் அங்கிள் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, "நான் அப்புறம் வரேண்ணே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பையன்களும் போய்விட்டார்கள். பாட்டு மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது. தங்கைதான் போய் டிவியை அடைத்தாள்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் என்கிற சர்க்கரை வியாதி இருந்தது எங்களுக்குத் தெரியும். கிளினிக்கில் கொடுத்த மாத்திரையை நினைத்தால் போடுவார், மறந்தால் விடுவார். கண்ணை யாரும் யோசிக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார், இரண்டு கண்ணிலும் நடுப்பகுதி புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது, ஓரத்தில் அசைவது மட்டும் தெரியும், இது ஒரே நாளில் வந்ததல்ல என்று. ஒரே வீட்டில் இருந்த நமக்கு எப்படித் தெரியாமல் போனது என்று அம்மா பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. படித்த மனிதர் ஒருவர் பேப்பரை நீட்டி 'இதில் என்ன எழுதியிருக்கிறது' என்று கேட்டால், ஏன், கண் தெரியவில்லையா என்று கேட்போம். எங்கள் அப்பா வாழ்நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர். அவர் ரோட்டுப் பலகையைக் காட்டிக் கேட்டபோதும், மாத்திரை நிறத்தைக் கேட்டபோதும், வாசலில் வருவது யார் என்று கேட்டபோதும் அதே குரலில் கேட்டார், நாங்களும் அதே மாதிரி பதில் சொன்னோம். எழுத்து தெரியாதது, பார்வை போனதை மூடி மறைத்துவிட்டது. அவருக்கே கூட எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது என்று தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அன்றைக்கு ஆட்டுக்கறியை யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேமு வேற, ரோடு வேற. ரோடு எனக்குத் தெரியும்."

"ரோடு ஒங்களுக்குத் தெரியும். ரோட்ல போற புள்ளைங்கள தெரியுமா?" என்றாள் அம்மா.

அப்பா தட்டிலேயே கை கழுவினார். லோரியை விட்டால் அவருக்கு வேறு வேலை தெரியாது. என் படிப்பு, தங்கையின் படிப்பு, அந்தப் பலகை வீடு எல்லாம் அந்த லோரியின் பின்னால்தான் ஓடிக்கொண்டிருந்தன. அது அம்மாவுக்கும் தெரியும். மறுநாள் காலை அப்பா லோரியின் கதவைத் திறந்தபோது, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் சாப்பாட்டு அடுக்கோடு அந்தப் பக்கத்துக் கதவருகே போய் நின்றாள்.

"என்னா?"

"நானும் வரேன்."

"எங்க வர? லோரில பொம்பளைங்கள ஏத்துனா தவுக்கே ஏசுவான்."

"ஏசட்டும். நான் கிளிண்டான்னு சொல்லுங்க."

கிளிண்டான் என்றால் லோரியில் டிரைவருக்கு உதவியாகப் போகிற ஆள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மா அந்த உயரமான படியில் ஒரு காலை வைத்து, ஏற முடியாமல் தொங்கினாள். அப்பா சுற்றி வந்து அவளைத் தாங்கி ஏற்றிவிட்டார். நான் பள்ளிச் சட்டையோடு வாசலில் நின்று பார்த்தேன். லோரி லோங்கான் சாக்கடையை ஒட்டி வளைந்து, மெயின் ரோட்டுக்குப் போயிற்று. கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. அத்தனை அழகாக ஓட்டுகிறவருக்கா கண் தெரியாது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மத்தியானம் பள்ளி விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. படியில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஒன்று வந்து நின்று போனது. அதிலிருந்து இறங்கியவர்களில் அப்பாவும் அம்மாவும் இருந்தார்கள். அப்பா பஸ்ஸில் வந்து நான் அதுவரை பார்த்ததே இல்லை. வெயிலில் இரண்டு பேரும் நடந்து வந்தார்கள். வெளியில் அம்மாவுக்கு நாலடி முன்னால் நடப்பதுதான் அப்பாவின் வழக்கம். அன்றைக்கு அம்மா முன்னால் வந்தாள். அவளுடைய சேலைத் தலைப்பின் நுனி அப்பாவின் கையில் இருந்தது. சாப்பாட்டு அடுக்கு திறக்கப்படாமல் அப்படியே இருந்தது. அப்பா உள்ளே வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, "தண்ணி குடு" என்றார். என்ன நடந்தது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். பத்து தீகா என்கிற ஊர்ப் பக்கம் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்களாம். முந்தின வாரம்வரை நேராகப் போன பாதையை மறித்து, தகர டிரம்களை வரிசையாக வைத்து, வண்டிகளை வலது பக்கம் திருப்பிவிட்டிருந்தார்கள். "அதுக்கு முன்னாலயே ரெண்டு எடத்துல சிக்னல் என்னா கலருன்னு எங்கிட்ட கேட்டாரு. வெளாட்டுக்குக் கேக்கறாருன்னு நெனச்சேன். இங்க டிரம்மெல்லாம் செவப்பா நிக்குது, இவரு பாட்டுக்கு நேராப் போறாரு. நான் கத்தினேன். பிரேக் போட்டாரு, ஆனா முன்னால நின்ன டிரம்மெல்லாம் உருண்டுடுச்சி. அங்க வேல செஞ்சவங்க சிதறி ஓடுனாங்க. ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல, சாமி புண்ணியம். ஒங்கப்பா எறங்கிப் போயி, கையால தடவித் தடவி அந்த டிரம்ம நிமுத்தி வெச்சாரு. எங்க வெக்கணும்னு தெரியாம நடு ரோட்ல வெச்சாரு. அதுல ஒரு மலாய்க்காரத் தம்பி மொதல்ல ஏசிக்கிட்டு வந்தான். அதப் பாத்ததும் ஏசறத நிறுத்திட்டு, 'பாச்சே, விடுங்க, நான் வெக்கறேன்'னு கைய புடிச்சிக்கிட்டான்." பாக்சிக் என்று அந்தப் பையன் மலாயில் மாமா முறை வைத்து அழைத்ததை அம்மா எப்போதும் 'பாச்சே' என்றுதான் சொல்வாள். அங்கேயிருந்த ஒரு கடையிலிருந்து அப்பா தவுக்கேக்குப் போன் செய்திருக்கிறார். வேறு டிரைவர் வரும்வரை இருவரும் ரோட்டோரம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். சாவியை அந்த டிரைவர் கையில் கொடுக்கும்போது அப்பா, "மூணாவது கியரு கொஞ்சம் இழுக்கும், பாத்துக்க" என்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும்தான் அம்மா அழுதாள்.

தவுக்கே மோசமானவர் இல்லை. லோரிகள் நிற்கும் இடத்தில் அப்பாவை ஜாகாவாக உட்கார வைத்தார். கேட்டைத் திறந்து மூடுகிற காவல் வேலை. எஞ்சின் சத்தத்தை வைத்தே எந்த லோரி வருகிறது என்று சொல்லிவிடுவார் என்பார்கள். சில வருடங்களில் அதுவும் முடியாமல் போனது. அம்மா ஓர் எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் கூட்டிப் பெருக்கும் வேலைக்குப் போனாள். என் படிப்பு நிற்கவில்லை. விளையாட்டுப் பெட்டியை யாரும் தூக்கிப் போடவில்லை, தங்கை எப்போதாவது போடுவாள். அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி பாட்டைக் கேட்டுக்கொண்டே, "இப்ப குதி... கொரங்கு... இப்ப குதி" என்று சொல்வார். ஒரு தடவைகூடத் தவறாது. எரிமலை முடிந்து மறுபடியும் காட்டின் பாட்டு தொடங்கினால், "போதும்மா, அடச்சிடு" என்பார்.

படிப்பு முடிந்து பங்சாரில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். பழைய கார் ஒன்று வாங்கினேன். அப்பாவுக்குச் சிறுநீரகமும் கெட்டு, கிள்ளான் ஆஸ்பத்திரியிலிருந்து கோலாலம்பூருக்கு எழுதிக் கொடுத்த நேரம் அது. முதல் தடவையாக அப்பாவை என் காரில் அழைத்துப் போனேன். அந்த ரோட்டில் அவர் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு இடமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். நானும் "ஆமாப்பா", "சரிப்பா" என்று வந்தேன். அவர் சொன்ன சினிமா கொட்டகை இருந்த இடத்தில் அடுக்குமாடி இருந்தது. சொன்ன மரங்கள் இல்லை. நான் சொல்லவில்லை.

"இந்தா, ரவுண்டபவுட்டு வருது. மெதுவா போ. எடப்பக்கத்துலேர்ந்து லோரிக்காரனுங்க வெட்டுவானுங்க" என்றார்.

அந்த ரவுண்டபவுட்டை எடுத்துவிட்டு மேம்பாலம் கட்டி ரொம்ப நாளாகிவிட்டது. "சரிப்பா" என்று வேகத்தைக் குறைத்தேன். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்தான். கார் பாலத்தில் ஏறியது.

"தம்பி, ஏறுதே" என்றார் அப்பா.

நான் கண்ணாடியில் பின்னால் வந்தவனைப் பார்த்தேன்.

"பாலம் போட்டுட்டானுங்களா?"

"ஆமாப்பா."

"அப்புறம் ஏண்டா சரி சரிங்கிற? கண்ணுதான போச்சு, முதுகு இருக்குல்ல."

கார் பாலத்திலிருந்து இறங்கியது. பிறகு அவர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லிக்கிட்டே வா. என்னென்ன மாறியிருக்கு, ஒண்ணொண்ணா சொல்லு. போர்டுல என்னா போட்டுருக்குன்னும் படி" என்றார். நான் படித்தேன். புதிய பெட்ரோல் ஸ்டேஷன், புதிய கிளைச் சாலை, பிரிக்பீல்ட்ஸ் திரும்புகிற இடத்தில் மாறிப்போன சிக்னல், எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா ஒவ்வொன்றையும் உதடசையத் திருப்பிச் சொல்லிக்கொண்டார், நாளைக் காலையில் அவரே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதுபோல.

ஆஸ்பத்திரியில் சாயங்காலம்வரை ஆயிற்று. நல்ல செய்தி எதுவும் இல்லை. திரும்பும் வழியில் நான் எதையும் படிக்கவில்லை. படிக்கத் தேவையும் இருக்கவில்லை. சிக்னல், கிளைச் சாலை, பெட்ரோல் ஸ்டேஷன் என்று காலையில் நான் சொன்ன எல்லாவற்றையும் தலைகீழ் வரிசையில், ஒவ்வொன்றும் வருவதற்கு முன்பே அப்பா சொல்லிக்கொண்டு வந்தார். பாலம் கண்ணில் படுவதற்குள் அவர் வலது காலைத் தரையில் அழுத்திக்கொண்டார்.

"ஏறப்போவுது. கியர மாத்து" என்றார்.

மாற்றினேன்.